தொகைக்கு இரண்டு பேர் வேண்டும்

சேகு மதார் தன் வள்ளத்தை எப்போதும் முழங்கால் ஆழத்தில்தான் நிறுத்துவான். மணலில் ஏற்ற மாட்டான். அரிசிப் பையையும் தண்ணீர் கேன்களையும் வள்ளத்தில் நின்றபடியே நீட்டுவான். சலேத்மேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் நின்று வாங்கிக்கொள்வாள். பேச்சும் அப்படியேதான், அவன் மேலே, அவள் கீழே, நடுவில் அலை. இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் தேத்தண்ணி குடிக்கக்கூட அவன் பாசித்தீவில் கால் வைத்தது கிடையாது.

சாதி, மதச் சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது அடுக்கு போட்ட சட்டம்.

அலுவலகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. கடற்கரையில் யார் வாயிலும் அது நுழையாததால் அடுக்கு என்றே ஆகிவிட்டது. வளைகுடா முழுவதையும் கவனிக்கிற கணிப்பு இயந்திரம் அது. எங்கே வலை போடலாம், எந்தப் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, மூடி வைக்க வேண்டும், எந்தத் தீவிலிருந்து ஆட்களைக் கிளப்ப வேண்டும் என்று அது சொல்லும், மனிதர்கள் கையெழுத்துப் போடுவார்கள். முன்பு மனிதர்களே முடிவெடுத்த காலமும் இருந்தது. அப்போது என்ன லட்சணம் என்றால், கரை ஒதுங்கிய ஒற்றை ஆமையைக் காப்பாற்ற ஊரே கூடி அழும், படம் எடுக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆமைக்கூட்டம் முட்டையிடுகிற கரையில் சாலை போட்டுவிடுவார்கள். ஒன்றின் மேல் பாசம் வைத்துக் கூட்டத்தைக் கொன்றோம் என்று படித்தவர்கள் கூடிப் பேசி, அடுக்கைச் செய்தபோதே அதன் கண்ணைக் கட்டிவிட்டார்கள். தனி உயிர் அதற்குத் தெரியக் கூடாது. ஒரே இனத்தில் இரண்டாவது ஒன்று இருந்தால் அது தொகை, அங்கிருந்துதான் கணக்கே ஆரம்பம். பல தொகைகள் சேர்ந்து வாழ்ந்தால் சமூகம். அதோடு மண்ணும் நீரும் வெயிலும் சேர்ந்தால் சூழல் மண்டலம். அப்படியே படிப்படியாக மேலே போய் உலகம் வரைக்கும் அது பார்க்கும். கீழ்ப்படி மட்டும் இருட்டு.

மனிதர்களுக்கும் இதே கதைதான். ஒரு தீவில் ஓர் ஆள் இருந்தால் அடுக்குக்கு அங்கே யாரும் இல்லை. இரண்டு பேர் தங்கினால் குடியேற்றம், உடனே தீவின் கணக்கு மொத்தமும் மாறிவிடும். அதனால் தீவுக்கு ஒரே காவலாள். சலேத்மேரியின் சொந்த ஊரான சிப்பிக்குடியில் வீடுகள் குறைந்துகொண்டே வந்தபோது, ஊர் என்று சொல்ல ஆள் போதாது என்றது அடுக்கு. மிச்சமிருந்தவர்களை உள்நாட்டில் மாடி வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கடலில் போன புருஷன் திரும்பாமல் போய், பிள்ளையும் இல்லாமல் இருந்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டு சாவதைவிடக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றுதான் காவல் வேலைக்கு எழுதிக் கொடுத்தாள். தனிமை இப்படி இருக்கும் என்று அப்போது யார் கண்டது?

அன்றைக்கு மதார் அரிசிப் பையை நீட்டிவிட்டு உடனே கிளம்பவில்லை.

"சின்னவளப் பாத்தேங்கா," என்றான். "வர்ற வழியில மூச்சு விட மேல வந்துச்சு. கழுத்து தெரியுது."

சலேத்மேரியும் பார்த்திருந்தாள். ஆவுளியாவுக்கு, அதுதான் கடற்பசுவுக்கு, கழுத்து தெரியக் கூடாது. தலையிலிருந்து வால் வரை ஒரே உருண்டையாக இருக்க வேண்டிய பிராணி அது. அதற்குக் கழுத்து தெரிந்தால் பட்டினி என்று அர்த்தம்.

"இங்க புல்லு எங்கக்கா இருக்கு? வெந்நீராட்டம் கெடக்கு கடலு, எல்லாம் கருகிப்போச்சு. தெக்குப் பாருக்கு அங்கிட்டு நல்ல புல்லு. ரெண்டு ஆவுளியா மேயுதுன்னு எங்க மச்சான் பாத்துட்டு வந்து சொல்றாரு. இது மட்டும் ஏன் இங்கயே சுத்திச் சுத்தி வருது? கூப்பிட்டு வெச்ச மாதிரி."

"தெரியலையே," என்றாள் சலேத்மேரி. பொய்.

கூப்பிட்டு வைத்திருந்தவள் அவள்தான்.

பாசித்தீவுக் கடலில் முன்பு இரண்டு ஆவுளியா இருந்தன. தாயும் மகளும். பெரியவள், சின்னவள் என்று பெயர் வைத்திருந்தாள். ஆவுளியா பார்க்கத்தான் எருமை மாதிரி, குரல் குருவிக் குரல். கீச், கீச் என்று நீருக்கடியில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே மேயும். தீவைச் சுற்றி அடுக்கு வைத்திருக்கும் நீர்க்காதுகள் அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் எத்தனை உயிர் என்று அறிந்துகொள்ளும். நீர்க்காதுகளைப் பாசி படியாமல் துடைத்து வைப்பதும், அத்துமீறி வரும் படகுகளை விரட்டுவதும்தான் சலேத்மேரியின் வேலை. ஒரு நாள் பெரியவள் அறுந்து மிதந்த வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்துக் கரை ஒதுங்கியது. சின்னவள் அந்த இடத்தைவிட்டு நகராமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நீர்க்காது வழியாக அந்தக் கீச்சைக் கேட்டுக் கேட்டு சலேத்மேரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று என்பது தொகை ஆகாது. இரண்டாவது குரல் இல்லை என்று அடுக்கு உறுதி செய்துகொண்டால், இந்த இடத்து ஆவுளியாக் கணக்கை முடித்துவிடும். கணக்கு முடிந்தால் காவல் எதற்கு? கடலைப் பாசி வளர்ப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள், சலேத்மேரியை மாடி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் யோசித்தாள். படகுகளை எச்சரிக்க நீருக்கடியில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. நீர்க்காது பதிவுசெய்த பெரியவளின் பழைய குரல்களும் இருந்தன. இரண்டையும் சேர்த்து வயரைப் பூட்டினாள். முதல் கீச் கேட்டதும் சின்னவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தாள்.

மதாரின் வள்ளம் போன பிறகு, சாயங்காலம் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தாள். அந்த நேரத்துக்காகத்தான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

"மேரி, சாப்டியாட்டி?" என்றது வயர்லெஸ்.

ஊசித்தீவுக் காவலாள் பெர்னத்தக்கா. பயிற்சிக்குக் கூப்பிட்டபோது அலுவலகத்தில் ஒரே ஒரு முறை நேரில் பார்த்தது. அதற்குப் பிறகு குரல்தான். ஆனால் அந்தக் குரல் இல்லாத சாயங்காலம் ஒன்றுகூட இல்லை. தங்கச்சி கல்யாணத்தில் குழம்பு அண்டா கவிழ்ந்து மாப்பிள்ளையின் அப்பா வேட்டி நனைந்த கதையை எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. சமீப காலமாகச் சொன்ன கதையையே கூடுதலாகச் சொல்கிறாள், வயசாகிறதே என்று சலேத்மேரி நினைத்துக்கொள்வாள். ஒரு நல்லது, முன்பெல்லாம் பேச்சுக்குப் பேச்சு இருமுவாள், இப்போது இருமலே இல்லை. தூதுவளைக் கஷாயம் பலித்துவிட்டது என்று சலேத்மேரிக்கு ரொம்ப சந்தோஷம், அவள்தானே சொல்லிக் கொடுத்தாள்.

"சாப்பாடு இறங்கலக்கா," என்றாள் இன்றைக்கு. "ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாதீங்க."

ஸ்பீக்கர் கதையை மொத்தமும் கொட்டிவிட்டாள்.

பெர்னத்தக்கா கேள்வி கேட்கிற ஜாதி இல்லை, சொல்லிக்கொண்டே போகிற ஜாதி. அன்றைக்கு என்னவோ கேட்டாள்.

"அப்பம் அந்தச் சத்தம் செத்தவளோடதா?"

"ஆமாக்கா."

"சின்னவளுக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சா பட்டினி கெடந்து இங்க சுத்துவாளா? அம்ம இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. கிட்ட வந்து ஸ்பீக்கர மூஞ்சியால தடவுதா. தடவிட்டு நிக்கா."



"சத்தத்த நிப்பாட்டினா போயிருவாளா?"

"மொதல்ல தேடுவா. தொண்டை வறண்டு போற மாதிரி கூப்பிடுவா. அப்புறம் வேற யாராவது இருக்காங்களான்னு கெளம்பிப் போவா. போனா பொழைப்பா. தெக்க ரெண்டு பேரு இருக்காங்களாம்."

"பின்ன ஏன் நிப்பாட்டல?"

"நிப்பாட்டினா ஒண்ணுதான்னு அடுக்குக்குத் தெரிஞ்சிரும். என்னைய இங்கருந்து எடுத்துருவாங்க. வயர்லெஸ் ஏது, நீங்க ஏது? எனக்கு வேற யாருக்கா இருக்கா?"

நேரமாகிவிட்டது, நாளைக்குப் பேசலாம் என்று பெர்னத்தக்கா வைத்துவிட்டாள். சலேத்மேரிக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை, இருக்கட்டும்ட்டி, பாவம் நீ என்ன செய்வ என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

இரண்டு நாள் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் நீர் வற்றியபோது இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கினாள். நீர்க்காதும் ஸ்பீக்கரும் ஒரே கல்தூணில் கட்டியிருந்தன. சின்னவள் அங்கேதான் கிடந்தது. பக்கத்தில் போனாலும் விலகவில்லை. தோல் தொங்கி, கண்ணுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு கீச். சின்னவள் உடனே பதில் கூப்பிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சலேத்மேரி வயரைப் பிடுங்கினாள்.

"இங்க யாரும் இல்ல தாயி," என்றாள். "நீ போ."

சின்னவள் போகவில்லை. சொன்னபடியே தேடியது. தூணைச் சுற்றியது, தீவைச் சுற்றியது, பெரியவள் செத்துக் கிடந்த கரைப்பக்கம் வயிறு மணலில் உரசுகிற அளவுக்கு வந்து பார்த்தது. கீச், கீச் என்று அது கூப்பிட்டதை சலேத்மேரி காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டாள். கேட்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வயரைத் திரும்பப் பூட்டிவிடலாமா என்று கை பரபரத்தபோதெல்லாம் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் கடலில் சத்தம் இல்லை. தெற்கே வெகுதூரத்தில் ஒரு மூச்சுத் துளி பறந்த மாதிரி இருந்தது. அலையாகவும் இருக்கலாம்.

அடுக்கிலிருந்து ஒரு வரி வந்தது. பாசித்தீவு ஆவுளியாத் தொகை முடிந்தது.

அன்றைய சாயங்காலம் அவளுக்கு யாரிடமாவது அழ வேண்டும்போல இருந்தது. வயர்லெஸ் முன்னால் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"மேரி," என்றது குரல். சாப்டியாட்டி என்று கேட்கவில்லை.

"போயிட்டாக்கா. சின்னவ போயிட்டா."

"தெரியும். நீ சொன்னது கேட்டிச்சு."

"நான் எப்பம் சொன்னேன்? இப்பந்தான சொல்லுதேன்."

வயர்லெஸ் கொஞ்சம் இரைந்தது. பிறகு பெர்னத்தக்காவின் குரல், மெதுவாக, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி சொன்னது.

"இங்க யாரும் இல்ல தாயி. நீ போ."

அவ்வளவுதான். இரைச்சல்கூட நின்றுவிட்டது. சலேத்மேரி பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். அக்கா, அக்கா என்று கத்தினாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினாள். மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும். குரல் கம்மிப்போன பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். தூணின் அருகே தான் சின்னவளிடம் சொன்ன வார்த்தை அது. அந்தத் தூணில் நீர்க்காது இருந்தது. நீர்க்காது பெர்னத்தக்காவின் காது அல்ல, அடுக்கின் காது. இருமல் எப்போது நின்றது என்று யோசித்தாள். யோசித்தபோது, தனக்கு முன்பே ஏன் தெரியாமல் போனது என்று ஆச்சரியமாக இல்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை, அதுதான் உண்மை.

மதார் வழக்கமான நாளுக்கு முன்பே வந்தான். அரிசிப் பை இல்லாமல் வந்தான். அவளைக் கரைக்கு ஏற்றிப் போகச் சொல்லி உத்தரவு. முழங்கால் ஆழத்தில் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"பெர்னத்தக்கா எப்பம் செத்தா?" என்று கேட்டாள்.

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "மூணு வருஷம் ஆச்சுக்கா. இருமல் முத்திப்போச்சு. நான்தான் போய்த் தூக்கிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, மதாரு."

"ஆபீசுல சொல்லக் கூடாதுன்னாங்க. தனியா இருக்க முடியாம காவல்காரங்க ஒவ்வொருத்தரா எறங்கிப் போயிட்டே இருந்தாங்கல்ல? காவலர் தொகை குறையாமப் பாத்துக்கன்னு அடுக்குட்ட விட்டுட்டாங்க. பழைய பேச்ச வெச்சு அவங்க குரல்லயே பேசுறது அது கண்டுபிடிச்ச வழி." எஞ்சின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டான். "ஆபீசு மேல மட்டும் பழி போட மாட்டேன். நான் சொல்லியிருக்கலாம். சொல்லிட்டா அக்கா சாயங்காலம் யார்கூடப் பேசுவாங்கன்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட அவள் வாயைத் திறந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? அவள் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

"இப்பம் நிப்பாட்டுனது யாரு?"

"அதாங்கா யாருக்கும் புரியல. யாரும் நிறுத்தச் சொல்லல. அடுக்கு தானா நிறுத்திருச்சு, உங்களுக்கு மட்டும். தனி ஆளு அதுக்குத் தெரியவே தெரியாதே, எப்படி ஒருத்தர மட்டும் பாத்துச்சுன்னு ஆபீசுல தலையப் பிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

சலேத்மேரி கடலில் நின்றபடியே கல்தூணைத் திரும்பிப் பார்த்தாள். பட்டினி கிடந்த ஒன்றுக்குக் கழுத்து தெரிவதை அடுக்கும் பார்த்திருக்கிறது போல என்று நினைத்தாள். துணி மூட்டையை வள்ளத்தில் போட்டுவிட்டு, மதார் கைகொடுக்க ஏறிக்கொண்டாள். அவன் கை சூடாக இருந்தது. இன்னொரு மனிதரின் கையைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மதார் எஞ்சினைக் கிளப்பினான்.

"தெக்குப் பாருல இப்ப மூணு தலை தெரியுதாம்," என்றான் கொஞ்ச தூரம் போனதும். "முன்ன ரெண்டுதான் இருந்துச்சு. சின்னவளான்னு சொல்ல முடியாது."

"சின்னவதான்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. பிறகு, "எனக்கு மட்டும்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

"என்னக்கா?"

"எனக்கு மட்டும் நிறுத்திருச்சுன்னு சொன்னியே. மத்த தீவுல யாரு இருக்கா?"

"கள்ளித்தீவுல ஒருத்தர் இருக்காரு. தனிஸ்லாஸ்னு."

"அவரு யார்கூடப் பேசுதாரு?"

மதார் எஞ்சின் பக்கம் குனிந்து, பார்க்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தான்.

"உங்ககூடத்தான்."

"நானா? அந்த மனுசன்கூட ஒரு வார்த்த பேசுனதில்லையே."

"உங்க குரலு. நீங்க பெர்னத்தக்காட்ட பேசுனதெல்லாம் அடுக்குட்ட இருக்குல்ல? சாப்ட்டீரான்னு கேப்பீங்களாம். சின்னவளப் பத்திச் சொல்வீங்களாம். மேரி மட்டும் இல்லன்னா என்னைக்கோ கடல்ல எறங்கியிருப்பேன் மதாருன்னு போன தடவை எங்கிட்டச் சொன்னாரு."

தான் இல்லாத இடத்தில் தன் குரல் ஒரு மனுஷனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறது. கோபப்படுவதா, கூச்சப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. ஸ்பீக்கரை மூஞ்சியால் தடவிவிட்டு நின்ற சின்னவள்தான் கண்முன் வந்தது.

"கள்ளித்தீவுக்கு விடு," என்றாள்.

"அக்கா, உத்தரவு கரைக்கு. அங்க ரெண்டு பேரு தங்கினா அடுக்குக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

மதார் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சுக்கானைத் திருப்பினான்.

கள்ளித்தீவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டு நரைத்த தாடிக்காரர் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் வந்து நின்றார். அரிசிப் பையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். வள்ளத்தில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும் நீட்டிய கை அப்படியே நின்றது.

சலேத்மேரிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"சாப்ட்டீரா?"

அந்தக் குரலைக் கேட்டதும் தனிஸ்லாஸின் முகம் மலர்ந்தது. ஆளைத் தெரியாவிட்டாலும் குரலைத் தெரிந்த முகம். அதோடு கொஞ்சம் குழப்பமும் இருந்தது.

"மத்தியானம்தான கேட்ட, மேரி?" என்றார்.

"அது நான் இல்ல," என்றாள் சலேத்மேரி. சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவரைத் தாண்டி நடந்து மணலில் ஏறினாள்.